புகைக்குழாயில் அடைத்த சாக்கு

விறகடுப்பில் சமைத்தால் அதன் ருசியே தனி என்று யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை காரில் மலைக்கு வந்து, நாட்டுக்கோழிக் குழம்பை இலையில் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, ஏப்பம் விட்டபடி கீழே இறங்குகிறவர்கள். நம் வயதுப் பெண்கள் யாராவது அப்படிச் சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? சொல்லமாட்டோம். அடுப்பு முன்னால் குந்தியிருந்தவர்கள் நாம்தான். ஈர விறகு சீறும்போது மூக்கில் வடிந்ததைப் பாவாடையில் துடைத்தவர்களும் நாம்தான்.

அதற்காக விறகடுப்பின் மேல் எனக்குக் கோபம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பாவம், சொன்னபடி கேட்கும். விறகைக் காயவைத்து, மணிக்கட்டுப் பருமனுக்குப் பிளந்து, வாயை அடைக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளி, சாம்பலை வாரிக் காற்றுக்கு வழிவிட்டு, பானைக்கு மூடி போட்டு எரித்தால், புகையும் அடங்கும், விறகும் மிச்சமாகும். இதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. என் கோபமெல்லாம் மனிதர்கள் மேல்தான். அதுவும் குறிப்பாக என் வீட்டு மனிதர்கள் மேல்.

எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். மலைமேல் வளப்பூர் நாட்டில் (எங்கள் பக்கம் நாலைந்து ஊர் சேர்ந்தால் அது ஒரு நாடு), பஸ் போகும் ரோட்டிலிருந்து மேடேறி வந்தால் எங்கள் வீடு. கூரை வீடு. ஒரே அறை, அதில் ஒரு மூலை அடுப்படி. அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். அந்தப் பரணில்தான் அடுத்த வருஷத்து விதை முழுவதும் இருந்தது. சாமையும் கேழ்வரகும் சாணி மெழுகிய கூடைகளில், அவரையும் துவரையும் சுரைக்குடுவைகளில். வருஷம் முழுக்க அடுப்புப் புகை பட்டுக்கொண்டே இருந்தால் விதையில் வண்டு விழாது. எங்கள் பக்கத்தில் எல்லார் வீட்டிலும் அப்படித்தான்.

எங்கள் பரணில் மட்டும் இரண்டு குடும்பத்து விதை இருந்தது. என் அப்பாவின் அண்ணன், அதாவது பெரியப்பா, எங்கள் வாசலுக்கு எதிரிலேயே ஓட்டு வீடு கட்டிக்கொண்டு போய்விட்டார். புதுச் சுவருக்கு வெள்ளையடித்திருந்தார்கள். அங்கேயும் விறகடுப்புதான், ஆனால் பரண் கட்டினால் புகை மேலே போகாமல் தங்கிச் சுவர் கறுத்துவிடும் என்று பெரியம்மா ஒரே பிடிவாதம். அதனால் அவர்கள் விதை மட்டும் எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டது. "உங்க ஊட்டுப் பொகைக்கு ஈடே கெடையாதுடா தம்பி" என்று பெரியப்பா சொல்வார். அதைக் கேட்டு அப்பா பெருமைப்பட்டுக்கொள்வார். வீட்டில் புகை அதிகம் என்பதற்குப் பெருமைப்பட்ட ஒரே மனிதர் என் அப்பாவாகத்தான் இருப்பார்.

அந்த வருஷம் தை மாதம் சர்க்கார் ஜீப்பில் ஆட்கள் வந்து வீடு வீடாகப் புகையில்லா அடுப்பு போட்டார்கள். களிமண்ணும் உமியும் சாணியும் பிசைந்து, விறகு தள்ள ஒரு வாய், பானை வைக்க இரண்டு கண், பின்னால் ஒரு சிமெண்ட் குழாய். குழாய் கூரையைத் துளைத்துக்கொண்டு வெளியே போகும். புது ஓட்டைத் துளைக்க விடமாட்டேன் என்று பெரியம்மா மட்டும் பழைய அடுப்போடு நின்றுவிட்டாள். கூட வந்த ஆபீஸ் அம்மா அடுப்பு முன்னால் உட்கார்ந்து எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். சின்ன விறகு, காய்ந்த விறகு, பானைக்கு மூடி, மாதம் ஒருமுறை குழாயில் படிந்த கரியைத் தட்டிவிடுவது. எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அந்த அம்மா ஒருதடவை தலையை நிமிர்த்திப் பரணைப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. எங்கள் ஆட்களும் வாய் திறந்து சொல்லவில்லை. வந்தவர்களிடம் குறை சொல்லக்கூடாதாம். என்ன மரியாதையோ!

அடுப்பு வந்த பிறகு எனக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. அம்மா பேச ஆரம்பித்தாள். அதுவரை அம்மா சமைக்கும்போது பேசி நான் கேட்டதே இல்லை. சேலைத் தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு வேலை பார்ப்பாள். எதைக் கேட்டாலும் தலையாட்டல்தான். அம்மாவின் குணமே அப்படி என்று நினைத்திருந்தேன். புகை குழாய் வழியாகப் போகத் தொடங்கியதும் தலைப்பு வாயிலிருந்து இறங்கியது. தன் பிறந்த ஊரில் கரடி பலாப்பழம் தின்ன வந்த கதை, தன் தங்கை கிணற்றில் சொம்பைப் போட்டுவிட்டு அடிவாங்கிய கதை என்று ஓயாமல் சொன்னாள். ஊதி ஊதி நுனி கருகிய எங்கள் மூங்கில் ஊதாங்குழல் மூலையில் சும்மா கிடந்தது. அதை எடுத்து நான் நாதஸ்வரம் வாசித்துக்கொண்டு கதை கேட்பேன்.

நல்லதாக ஒன்று வீட்டுக்குள் வந்தால் நம் ஆண்களுக்குக் கை சும்மா இருக்காதே. எங்கள் களிப்பானை பெரியது, அடி உருண்டை. அடுப்பின் கண்ணில் சரியாக உட்காரவில்லை. அம்மா சின்னப் பானையில் இரண்டு தடவையாகக் கிண்டிக்கொள்கிறேன் என்றாள். அப்பா கேட்கவில்லை. கடப்பாரையை எடுத்து வந்து கண்ணை நொங்கு நொங்கென்று குத்திப் பெரிதாக்கினார். பானை உட்கார்ந்தது, சுற்றிலும் சந்து விழுந்தது, சந்து வழியாகப் புகை வந்தது. "என்னத்த பொகையில்லா அடுப்பு?" என்று அப்பாவே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா களிமண்ணைக் குழைத்துச் சந்தை அடைத்தாள். துடுப்பு போட்டுக் களி கிண்டினால் விளிம்பு மறுபடி உதிரும். மறுநாள் மறுபடி அடைப்பாள்.

ஆடியில் அவரை ஊன்றுவதற்காகப் பெரியப்பா குடுவையை இறக்கினார். உள்ளங்கையில் கொட்டினால் விதைக்கு விதை ஓட்டை. வண்டுகள் அவர் கையிலேயே ஊர்ந்தன. புகை முழுவதும் குழாய் வழியாக வெளியே போய்விட்டால் பரணுக்கு எங்கிருந்து வரும்? அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. விதையை அப்பாவின் முன்னால் கொட்டிவிட்டு, "நீயே பாரு" என்றார்.

விதை போனால் வருஷமே போன மாதிரி என்பது எனக்கும் தெரியும். அந்தப் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் பயந்த இரண்டு பெரிய மனிதர்களும் செய்த காரியத்தைக் கேளுங்கள். அப்பா ஒரு கோணிச்சாக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஏணி வைத்துக் கூரை மேல் ஏறினார். குழாயின் வாயில் அதைத் திணித்துவிட்டு இறங்கி வந்தார். பெரியப்பா கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டார். முடிந்தது வேலை.

பழைய மூன்று கல் அடுப்பில் புகை நாலு பக்கமும் பரவிக் கூரையில் ஏறிக் கசிந்துவிடும். இந்த அடுப்புக்கு ஒரே வழி, அதையும் அடைத்தாயிற்று. புகை முழுவதும் வாய் வழியாகத் திரும்பி, அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தவள் முகத்தில் அடித்தது. அம்மா மறுபடி தலைப்பைக் கவ்விக்கொண்டாள். கரடிக் கதை பாதியில் நின்றது.

அப்போது என் தம்பி கைக்குழந்தை. மழைக்காலத்தில் வீட்டில் கொஞ்சம் சூடான இடம் அடுப்படிதான் என்பதால் அவன் தூளியை அங்கேதான் கட்டியிருந்தார்கள். புரட்டாசி பிறந்ததிலிருந்து அவனுக்கு நெஞ்சு இழுத்தது. மூச்சுவிட்டால் உள்ளே விசில் ஊதுவது போலச் சத்தம் வரும். விலா எலும்பு உள்ளே போய்ப் போய் வரும். எனக்கு அவன் சட்டையை விலக்கிப் பார்க்கவே பயமாக இருக்கும்.

அதற்கு ஊரில் சொல்லாத காரணம் இல்லை. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள். அம்மா பலாக்கொட்டை தின்று பால் கொடுத்ததால் வந்தது என்றார்கள். திருஷ்டி என்று மிளகாய் சுற்றி அதையும் அந்த அடுப்பிலேயே போட்டார்கள். அவனை நான் தூக்கிக்கொண்டு வெளியே திரிந்ததால் காற்று பட்டுவிட்டது என்று பெரியம்மா என் காதைத் திருகினாள். பலா, பனி, கண்ணு, காற்று, நான். எல்லாரும் எல்லாப் பக்கமும் பார்த்தார்கள். கூரை மேல் இருந்த சாக்கை ஒருவரும் பார்க்கவில்லை. அம்மா மட்டும் ஓரிரு தடவை, "ஏனுங்க, பொகைதானோ என்னமோ?" என்று இழுத்தாள். "பொகையில பொறந்து பொகையில வளந்தவங்க நாம. அது ஒண்ணும் பண்ணாது" என்று அப்பா முடித்துவிட்டார்.

இதற்கு நடுவில் ஜீப் கூத்து வேறு. அடுப்பு எப்படி எரிகிறது என்று பார்க்க ஜீப் அவ்வப்போது வரும். கொண்டை ஊசி வளைவில் அது முக்கி முனகி ஏறும் சத்தம் வெகு தூரத்திலேயே கேட்டுவிடும். ரோட்டோரம் மாடு மேய்க்கிறவர்கள் கூவுவார்கள். உடனே எங்கள் ஊரில் வீட்டுக்கு ஓர் ஆள் கூரை மேல் இருப்பார். ஏனென்றால் சாக்கு எங்கள் வீட்டுக் குழாயில் மட்டும் இல்லை. அப்பா சாக்கை உருவி எறிவார். அம்மா முறத்தால் விசிறிப் புகையை விரட்டுவாள். காய்ந்த விறகுக் கட்டு ஒன்று இதற்கென்றே தனியாக இருந்தது. ஜீப் வந்து நிற்கும்போது குழாயில் புகை ஜோராகப் போய்க்கொண்டிருக்கும்.

ஒருமுறை ஆபீஸ் அம்மா நேராக என் அம்மாவிடமே கேட்டார், "எப்படிம்மா இருக்கு?" என்று.

"நல்லா இருக்குதுங்க" என்றார் அப்பா.

"அவங்க சொல்லட்டும்ங்க."

அம்மா வாயைத் திறந்தாள். அப்பாவைப் பார்த்தாள். "நல்லா இருக்குதுங்க" என்றாள். தோளில் தம்பி விசிலடித்துக்கொண்டிருந்தான். பாப்பாவுக்கு என்ன என்று அந்த அம்மா கேட்டதற்கும் அப்பாதான் பதில் சொன்னார், பனி என்று. ஜீப் வளைவு திரும்பி மறைந்ததும் சாக்கு மறுபடி குழாய்க்குள் போனது.

ஐப்பசியில் ஒரு சாயங்காலம். நல்ல மழை. களிக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஈர விறகு, அதனால் வீடெல்லாம் புகை. தம்பியை மந்திரிக்க எங்கே தூக்கிப்போகலாம் என்று அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். தூளியில் விசில் நின்றுவிட்டது. நின்றது நல்லதற்கு என்று நான் நினைத்தேன். அம்மா எட்டிப் பார்த்தாள். குழந்தையின் உதடு நாவற்பழம் தின்ற வாய் போல இருந்தது.

அம்மா அவனை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். "குளுரு புள்ளையக் கொன்னுரும், உள்ள வா!" என்று அப்பா கத்தினார். அம்மா மழையைக் கடந்து மாட்டுக் கொட்டகைக்குள் போய், இரண்டு மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டாள். நான் தலையில் கோணியைப் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சாணி நாற்றம், மாட்டு மூச்சு, சில்லென்று சாரல். அம்மா அவன் நெஞ்சில் காதை வைத்துக்கொண்டிருந்தாள். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு ஒரு இருமல், அப்புறம் விசில். கொஞ்ச நேரத்தில் விசிலும் குறைந்து, அவன் கண்ணை விழித்துக் கன்றுக்குட்டியைப் பார்த்தான்.

அம்மா எழுந்து வீட்டு வாசல்வரை அவனைத் தூக்கிப் போனாள். கதவருகே போனதும் குழந்தை இருமியது. திரும்பக் கொட்டகைக்கு வந்தாள், அடங்கியது. மறுபடி ஒருதடவை போய்ப் பார்த்தாள். அதுவேதான். அப்புறம் அவள் வீட்டுக்குள் போகவில்லை.

அப்பா கொட்டகைக்கு வந்தார், பின்னாலேயே பெரியப்பா. "உள்ள வா புள்ள, ஊரு சிரிக்கும்."

"வாரேனுங்க. மேல ஏறி அந்தச் சாக்கை எடுத்துப்போடுங்க. வாரேன்."

"வெதை என்னாவறது?"

"வெதை மாமா ஊட்டுல இருக்கட்டும். அங்கயும் அடுப்பு எரியுதில்லீங்க?"

மாமா என்றது பெரியப்பாவைத்தான். அவருக்கு எதிரே நின்றுகூட அம்மா பேசமாட்டாள். அவரைப் பற்றி அவர் காதுபட இப்படிச் சொன்னதே பெரிய விஷயம். பெரியப்பாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "இப்பத்தான் செவுத்துக்கு வெள்ளையடிச்சுது..." என்று ஆரம்பித்தார்.

அம்மா நேராக அவரைப் பார்த்தாள். "செவுத்துக்கு அடுத்த வருசமும் வெள்ளையடிக்கலாமுங்க மாமா. இவன் நெஞ்சுக்கு அடிக்க முடியுமா?"

அப்பா அண்ணனைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், நனைந்துகொண்டே நின்றார். அப்புறம் போய் ஏணியைத் தூக்கி வந்தார். கூரை மேலிருந்து சாக்கு விழுந்த சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. நனைந்து கனத்துப்போய்ச் சொத்தென்று விழுந்தது.

மறுநாள் அம்மாவும் நானும் கூடைகளையும் குடுவைகளையும் எதிர்வீட்டுக்குச் சுமந்தோம். ஒரு வாசலைத் தாண்டினால் போதும், அவ்வளவு பக்கம். பெரியம்மா அடுப்படிக்கு மேலே அவை தொங்குவதைப் பார்த்துக்கொண்டு, உம்மென்று நின்றாள். பொங்கல்வரை எங்களோடு பேசவில்லை. சுவர் கறுத்தது. விதையில் வண்டு விழவில்லை. தம்பியின் விசிலும் மெல்ல மெல்ல நின்றது. என் ஆத்திரம் இன்றைக்கும் அதுதான். ஒரு வாசல் தூரத்தில் இருந்த தீர்வுக்கு, ஒரு குழந்தை உதடு கறுக்கும்வரை இரண்டு பேரும் காத்திருந்தார்கள். நாலு சுவர் கறுக்கக்கூடாதாம்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இவ்வளவு கத்தமாட்டேன். அந்தத் தம்பிக்கு இப்போது தலை நரைத்துவிட்டது. நான் கல்யாணம் ஆகி அடிவாரத்துக்கு வந்துவிட்டேன், அவன் அதே இடத்தில் ஓட்டு வீடு கட்டியிருக்கிறான். கேஸ் அடுப்பு இருக்கிறது. ஆனால் களிக்கும் வெந்நீருக்கும் மாட்டுத் தீவனத்துக்கும் விறகடுப்புதான். புகைக்குழாய் வைக்காவிட்டால் வாசப்படி மிதிக்கமாட்டேன் என்று சண்டை போட்டு வைக்கவைத்தேன். மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் இருக்கக் குழாய்க்குத் தகரத் தொப்பியும் நானே வாங்கிக்கொடுத்தேன்.

நான் போகும்போதெல்லாம் அடுப்பு அழகாக எரியும். காய்ந்த விறகு பிளந்து அடுக்கியிருக்கும். "எந்த பஸ்ஸுல வர்றீங்கக்கா?" என்று தம்பி முன்னாலேயே போனில் கேட்டு வைத்துக்கொள்வான். எவ்வளவு பாசம் பாருங்கள் என்று உங்களில் சிலரிடம் நான் பீற்றிக்கொண்டதும் உண்டு.

போன கார்த்திகையில் சோளக்காட்டுச் சந்தைக்கு மிளகு ஏற்றப்போகும் தெரிந்தவர் வேன் ஒன்று கிடைத்தது. சொல்லாமல் கொள்ளாமல் ஏறிவிட்டேன். மேடேறி வந்து பார்த்தால், ஓட்டுச் சந்தெல்லாம் புகை. கதவு வழியாகப் புகை. குழாயில் மட்டும் ஒரு பொட்டுப் புகை இல்லை. யாரோ என்னைப் பார்த்துவிட்டு, "உங்கக்கா வாராங்க!" என்று குரல் கொடுத்தார்கள். அவ்வளவுதான், என் தம்பி வீட்டுக்குள்ளிருந்து ஏணியோடு ஓடி வந்தான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரைக்க இரைக்க ஓட்டின் மேல் ஏறிக் குழாயிலிருந்து ஒரு சாக்கை உருவினான். என்னைப் பார்த்ததும் அதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான். மூச்சுவிட்டால் உள்ளே விசில்.

"ஏங்க்கா, ஒரு போன் பண்ணக்கூடாதா?"

"கீழ எறங்குடா."

"அடுப்புக்கு மேல கேவுரு வெதை கட்டியிருக்கேன். அதுக்குத்தான்."

"டின்னில வேப்பந்தழை போட்டு மூடி வைன்னு எத்தன வாட்டி சொன்னேன்?"

"பொகை மாதிரி வராதுக்கா. அப்பா அப்படித்தானே வெச்சிருந்தாரு?"

நான் வாங்கிக்கொடுத்த தகரத் தொப்பி வாசலில் மல்லாந்து கிடந்தது. அதில் கோழிகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தன.

உள்ளே தம்பி மனைவி தலைப்பை வாயில் கவ்விக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கண் ரெண்டும் சிவந்திருந்தது. தலைப்பை எடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்: "நீங்க வர்ற அன்னைக்கெல்லாம் நல்லா இருக்குதுங்க அண்ணி. அடிக்கடி வாங்க."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக நான் அந்த ஜீப்பாகத்தான் வந்துபோய்க்கொண்டிருக்கிறேன். வந்தால் சாக்கு இறங்கும், போனால் ஏறும். அவன் மூச்சுக்காக அம்மா மழையில் ஓடியதை அவனிடமே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். யாரோ ஊர்க் குழந்தையின் கதை போலச் சிரித்துக்கொண்டு கேட்பான்.

அந்தச் சாக்கை என் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மலையில் வேறு சாக்கா இல்லை என்று நீங்கள் சிரிப்பது தெரிகிறது. அதனால்தான் வேறு ஏற்பாடு செய்திருக்கிறேன். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் நேரத்துக்கு அவனுக்குப் போன் போடுகிறேன். "தம்பி, இன்னைக்கு வந்தாலும் வருவேன்டா" என்கிறேன். பல நாள் போவதே இல்லை. அவனும் அலுத்துக்கொண்டே ஏணியைத் தேடுகிறான். தலை நரைத்தவனை இப்படி மிரட்டித்தான் மூச்சுவிட வைக்க வேண்டியிருக்கிறது, என்ன செய்ய? நான் உடனே போனை வைத்துவிடுவதில்லை. அவன் அணைக்காமல் அடுப்படியிலேயே வைத்துவிட்டு ஏறிவிடுவான், நான் கொஞ்ச நேரம் காதிலேயே வைத்திருக்கிறேன். ஓட்டின் மேல் அவன் காலடி கேட்கும். அப்புறம் அடுப்படியில் அவன் மனைவி வாயிலிருந்து தலைப்பை எடுத்துவிட்டு, யாரிடமோ எதையோ பேச ஆரம்பிப்பது கேட்கும்.